நாய்க்கு மெல்ல என்ன கொடுக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாம்பரத்தில் நான் காலை நடைக்குப் போகும் மைதானத்துக்கு இருபது, இருபத்தைந்து நாய்கள் வரும். லேப்ரடார், பக், ஷிட்ஸு, சிப்பிப்பாறை, இன்ன சாதி என்று சொல்ல முடியாத நம் நாட்டு நாய்கள் என்று எல்லாமும் உண்டு. அவற்றைக் கூட்டிவருபவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: நாய் ரொம்ப நேரம் வைத்து மெல்கிற மாதிரி, ஆபத்தில்லாத தீனி எது? நான் கால்நடை மருத்துவர் இல்லை. பதினாறு வருடமாக நாய் வளர்க்கிறேன். நான் ஆசையாக வாங்கிக் கொடுத்த ஒரு தீனியால் என் லேப்ரடார் ஜூலிக்குப் பல் பிளந்தது. அன்றிலிருந்து இதைப் பற்றிப் படித்தும் மருத்துவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

நாய் ஏன் எதையாவது கடிச்சுக்கிட்டே இருக்கு? சாப்பாடு பத்தலையா?

சாப்பாட்டுக் குறை இல்லை. குட்டிக்கு 28 பால் பற்கள். மூன்றரை, நான்கு மாதத்தில் அவை விழ ஆரம்பித்து, ஆறேழு மாதத்துக்குள் 42 நிலைப் பற்கள் வந்து சேரும். அந்த நாட்களில் ஈறு வலிக்கும். எதையாவது அழுத்திக் கடித்தால்தான் அதற்குச் சுகம். வளர்ந்த நாய் கடிப்பது வேறு காரணத்துக்கு. தாடைக்கு வேலை கிடைத்தால் அதன் படபடப்பு அடங்கும். பகலெல்லாம் பூட்டிய வீட்டில் தனியாக இருக்கும் நாய்க்கு வேறு பொழுதுபோக்கும் கிடையாது.

நாம் ஒன்றும் கொடுக்காவிட்டால் அதுவே தேடிக்கொள்ளும். செருப்பும் டிவி ரிமோட்டும் முதலில் போவதற்குக் காரணம், அவற்றில் நம் வாசனை ஊறியிருப்பதுதான். பழைய செருப்பைக் கடிக்கக் கொடுத்துப் பழக்காதீர்கள். எது பழசு, எது நேற்று வாங்கியது என்று அதற்குத் தெரியாது.

கடையில நூறு வகை தொங்குது. எதைப் பாத்து வாங்கறது?

முதலில் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். லேசாகவாவது பள்ளம் விழ வேண்டும். இல்லையென்றால், அதை வைத்து உங்கள் முழங்கால் சில்லில் ஒரு தட்டுத் தட்டினால் வலிக்குமா என்று யோசியுங்கள். வலிக்கும் என்றால் நாயின் பல்லுக்கும் ஆகாது. நாய்ப் பல் வைத்தியம் பார்க்கும் மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் சோதனைகள் இவை. அடுத்தது அளவு: நாயின் வாய்க்குள் முழுசாகப் போகவே கூடாது. கடைசியாக, அது எப்படிக் குறைகிறது என்று பாருங்கள். கூர்கூராகச் சிதறுவதும் வேண்டாம், பெரிய துண்டாகப் பிய்ந்து வருவதும் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து குறைவதே நல்லது.

அந்த நகச் சோதனையை நான் அன்று செய்யவில்லை. நான் வாங்கியது காய்ந்த மாட்டுக் குளம்பு. இயற்கையானது, ஒரு மாதம் வரும் என்றார் கடைக்காரர். வந்தது. அதற்குள் ஜூலியின் வலது கண்ணுக்குக் கீழே ஒரு வீக்கம். பூச்சி கடித்திருக்கும் என்று இரண்டு நாள் விட்டுவிட்டேன். மேல் தாடையில் பக்கவாட்டில் பெரிதாக ஒரு பல் இருக்கும், நான்காவது முன்கடைவாய்ப் பல். அது ஓடு உரிந்த மாதிரிப் பிளந்து, உள்ளே நரம்பு திறந்து, வேரில் சீழ் கட்டியிருந்தது. கெட்டியானதைக் கடித்து நாய்களுக்கு அதிகம் உடைவது இந்தப் பல்தான். அதற்கு மூன்று வேர். மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க முடிந்தது. அத்தனை வலியிலும் அவள் ஒரு வேளைச் சாப்பாட்டைக் கூட விடவில்லை. ஆகவே, நாய் நன்றாகச் சாப்பிடுகிறதே என்பதை வைத்துப் பல் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள்.

கெட்டியா இருந்தாத்தானே அக்கா ரொம்ப நேரம் வரும்?

எல்லோரும் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான். கெட்டியான பொருள் ரொம்ப நாள் வருவதற்குக் காரணம், நாயால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை என்பதுதான். நமக்கு வேண்டியது பொருள் ஒரு மாதம் இருப்பதல்ல, நாய் அரை மணி நேரம் நிம்மதியாக ஈடுபட்டிருப்பது. அந்த அரை மணி நேரத்தைக் கெட்டித்தன்மை இல்லாமலே கொண்டுவரலாம். உறையவைத்துக் கொடுப்பது, பொந்துக்குள் அடைத்துக் கொடுப்பது, கடிப்பதற்குப் பதிலாக நக்க வைப்பது என்று வழிகள் இருக்கின்றன. ரப்பர் பொம்மை பற்றிய பதிலில் விரிவாகச் சொல்கிறேன்.

நாங்க சாப்பிட்ட சிக்கன் எலும்பைத்தான் போடறோம். தெரு நாயெல்லாம் அதைத்தானே திங்குது?

வேண்டாம். வெந்த எலும்பு காய்ந்து, கடித்தால் ஊசி ஊசியாக உடையும். தொண்டையில் குத்தும், உணவுக்குழாயில் சிக்கும், குடலைக் கிழிக்கும். அதோடு பிரியாணி எலும்பில் வெங்காயமும் பூண்டும் ஊறியிருக்கும். இரண்டுமே நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிப்பவை. கடையில் பாக்கெட் போட்டு விற்கும் புகையூட்டிய எலும்பும் இதில் சேர்த்திதான். அப்படிப்பட்ட எலும்புத் தீனிகளால் சுமார் 90 நாய்கள் பாதிக்கப்பட்டதாகவும் அவற்றில் 15 இறந்ததாகவும் தங்களுக்கு வந்த புகார்களை வைத்து, அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-இல் எச்சரித்தது.

தெரு நாய்க்கு ஒன்றும் ஆவதில்லை என்று நினைப்பதற்குக் காரணம், பிழைத்தவற்றை மட்டும் நாம் பார்ப்பதுதான். குடல் கிழிந்த நாய் ஏதாவது ஒரு புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அதை யாரும் கணக்கெடுப்பதில்லை. சாப்பிட்ட எலும்பைத் தெருவில் எறியாமல் கட்டிக் குப்பையில் போட்டால் அவற்றுக்கும் நல்லது.

அப்போ பச்சை எலும்பு குடுக்கலாமா? கறிக்கடையில கேட்டா சும்மாவே தர்றாங்க.

பச்சை எலும்பு வெந்ததைப் போலச் சிதறாது, அது உண்மை. ஆனால் ஆடு, மாட்டின் கால் எலும்பு அந்த விலங்கின் எடையைத் தாங்குவதற்காக உண்டானது. நகச் சோதனையில் நிற்கவே நிற்காது. நடுவில் ஓட்டையோடு வளையமாக வெட்டித் தரும் எலும்பு இன்னும் மோசம். நாயின் கீழ்த் தாடையில் வளையல் போலப் போய் மாட்டிக்கொள்ளும். மருத்துவர் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். உள்ளே இருக்கும் மஜ்ஜை முழுக்கக் கொழுப்பு. வயிற்றுப்போக்கிலிருந்து கணைய அழற்சி வரை கொண்டுபோய் விடலாம்.

பச்சை மாமிசத்தில் சால்மொனெல்லா, ஈ கோலை போன்ற கிருமிகளும் இருக்கும். நாய் அதைச் சோபாவில் வைத்துக் கடித்துவிட்டு வந்து குழந்தையின் முகத்தை நக்கும். எங்கள் வீட்டில் பச்சை எலும்பு கிடையாது. ஆட்டுக்கால் வாங்கினால் உப்பு, மசாலா இல்லாமல் குக்கரில் வேகவைத்து, எலும்பை எறிந்துவிட்டு, ஆறியபின் மேலே கட்டும் கொழுப்பை எடுத்துவிட்டு, சூப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அது கீழே ரப்பர் பொம்மைக்கு வரும்.

வெள்ளையா, ரெண்டு பக்கமும் முடிச்சுப் போட்டு விக்கறாங்களே, அது எந்த எலும்பு?

அது எலும்பே இல்லை, மாட்டுத் தோல். தோல் ஆலையில் பச்சைத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து முடியை எடுப்பார்கள். பிறகு தோலைக் குறுக்கே இரண்டு அடுக்காகப் பிளப்பார்கள். மேல் அடுக்கு செருப்புக்கும் பைக்கும் போகும். உள் அடுக்கைக் கழுவி, வெளுத்து, சுருட்டி, முடிச்சுப் போட்டுக் காயவைத்தால் இந்த வெள்ளை எலும்பு.

இதன் பிரச்சினை கடைசி ஐந்து நிமிடத்தில்தான். எச்சில் பட்டு ஊறியதும் பிசின் மாதிரி வழவழப்பாகும், முடிச்சு தனியாகக் கழன்று வரும், நாய் அதை அப்படியே விழுங்கும். வயிற்றில் ஊறிப் பெருத்து, எளிதில் செரிக்காமல், குடலை அடைக்கும். எக்ஸ்ரேயில் எலும்பு மாதிரி இது தெளிவாகத் தெரியாது என்பதால் கண்டுபிடிக்கவும் நேரமாகும். பொறுமையாகக் கொறிக்கும் நாய்கள் வருடக்கணக்கில் இதைத் தின்று நன்றாக இருப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் நான் வாங்குவதில்லை. கொடுத்தே தீர வேண்டுமானால் முடிச்சில்லாததை வாங்கி, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, கால்வாசி மிச்சம் இருக்கும்போது வாங்கி எறிந்துவிடுங்கள்.

சிவப்பு, பச்சைக் கலர்ல மெல்லிசா குச்சி குச்சியா இருக்கே?

மஞ்ச்சி ஸ்டிக் என்று விற்பார்கள். பெரும்பாலும் அதே தோலை அரைத்து, மாவு போன்றவை சேர்த்து அழுத்தியது. பெரிய ஆபத்தில்லை, ஆனால் இரண்டு நிமிடம் கூட வராது. நிறம் நாயைக் கவர்வதற்காக அல்ல, வாங்கும் நம்மைக் கவர்வதற்காக. ஒன்று கொடுத்தால் போதும்.

புல்லி ஸ்டிக்னா என்ன? விலை இவ்வளவு சொல்றாங்க.

காளையின் ஆணுறுப்பைக் காயவைத்துச் செய்வது. கேட்டதும் பலர் முகம் சுளிப்பார்கள், நாய்களுக்கோ இதைவிடப் பிடித்தது இல்லை. முழுக்கத் தசைநார் என்பதால் சிதறாது, நாரைப் போல மெதுவாகக் கரையும், செரித்தும் விடும். தடித்ததாக வாங்கினால் நடுத்தர நாய்க்கு அரை மணி, முக்கால் மணி நேரம் வரும். வாடை வரும், பால்கனியில் வைத்துக் கொடுங்கள். ரொம்பக் காய்ந்து கட்டையாக இருந்தால் நகச் சோதனை இதற்கும் உண்டு.

கவனிக்க வேண்டியது கலோரி. 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 26 ஸ்டிக்குகளைச் சோதித்தார்கள். ஓர் அங்குலத்துக்கு 9 முதல் 22 கலோரி வரை இருந்தது. ஆறு அங்குல ஸ்டிக் ஒன்று நான்கரைக் கிலோ நாயின் ஒரு நாள் தேவையில் சுமார் 30 சதவீதம்! ஷிட்ஸுவுக்குத் தினம் ஒன்று கொடுத்துவிட்டு, சாப்பாட்டைக் குறைத்தும் எடை ஏறுகிறதே என்று கேட்டவர் எங்கள் மைதானத்திலேயே இருக்கிறார்.

நாங்க சுத்த சைவம். வீட்டுக்குள்ள தோல், எலும்பு எதுவும் வரக்கூடாது. எங்க நாய்க்கு வழியே இல்லையா?

தாராளமாக இருக்கிறது. நேபாளம், சிக்கிம், டார்ஜிலிங் பக்கத்து மலை மக்கள் தாங்களே வாயில் போட்டு மெல்வதற்காகச் சுர்பி என்ற கெட்டிப் பாலாடைக்கட்டியைச் செய்வார்கள். யாக் அல்லது பசும்பாலில் கொழுப்பை எடுத்துவிட்டு, திரைத்து, பிழிந்து, வாரக்கணக்கில் காயவைத்தது. அதுதான் இப்போது யாக் சீஸ் என்று நாய்க் கடைகளுக்கு வருகிறது. ஆனால் சில கட்டிகள் கல் மாதிரி இருக்கும். மேல் தாடைப் பல் உடைவது பற்றிச் சொன்னது இதற்கும் பொருந்தும். வாங்கியதும் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து நகத்தால் பாருங்கள். கடைசியில் மிஞ்சும் துண்டை எறிய வேண்டாம். கொஞ்சம் நனைத்து மைக்ரோவேவில் அரை நிமிடம் போல வைத்தால் பொரித்த அப்பளம் மாதிரி உப்பிவிடும். நன்றாக ஆறவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், உள்ளே சூடு தங்கும்.

இன்னொரு வழி சர்க்கரைவள்ளிக் கிழங்கு. வேகவைத்து, நீள நீளமாக விரல் தடிமனில் வெட்டி, நல்ல வெயிலில் வலையால் மூடி இரண்டு மூன்று நாள் காயவைத்தால் தோல் மாதிரி இழுபடும். வெயில் இல்லாத நாளில் ஓவனில் குறைந்த சூட்டில் வைக்கலாம். குளிரூட்டிய முழுக் கேரட்டும் நல்லது. இவை எல்லாவற்றையும்விட நல்லது அடுத்த பதிலில்.

ரப்பர் பொம்மைக்குள்ள சாப்பாடு அடைக்கச் சொல்றாங்க. எங்க நாய் ரெண்டு நிமிஷத்துல காலி பண்ணிடுது.

எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். உள்ளே பொந்து உள்ள, கெட்டி ரப்பர் பொம்மை. காங் என்ற பெயரில் இதை முதலில் விற்றவர் அமெரிக்காவின் கொலராடோவைச் சேர்ந்த ஜோ மார்க்கம். அவருடைய ஜெர்மன் ஷெப்பர்டு ஃபிரிட்ஸ், கல்லைக் கடித்துக் கடித்துப் பல்லைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அவர் வேனைப் பழுதுபார்த்தபோது கழற்றிப் போட்ட ரப்பர் பாகம் ஒன்றை அது விடாமல் கடிப்பதைப் பார்த்து வந்த யோசனை, 1976-இல் நிறுவனமாயிற்று. கல்லைவிட ரப்பரில் அந்த நாய் அதிக நேரம் ஈடுபட்டது என்பதுதான் நமக்கு முக்கியம்.

இரண்டு நிமிடத்தில் காலியாவது அடைக்கும் விதத்தால். முதல் நாள் லூசாகத்தான் அடைக்க வேண்டும், நாய் பழகட்டும். அடுத்த வாரம் இறுக்கமாக அடையுங்கள். அதற்கும் அடுத்த வாரம் ஃப்ரீசரில் இரவு முழுக்க வையுங்கள். என் வீட்டில் நான் அடைப்பது: அடியில் வெந்த கோழித் துண்டோ முட்டையோ ஒன்று, அதன்மேல் குழைந்த தயிர்சாதம் அல்லது கெட்டியான கேழ்வரகுக் கூழ், நடுவில் வெந்த பரங்கிக்காய், வாயை அடைக்க ஒரு கரண்டித் தயிர். மேலே சொன்ன ஆட்டுக்கால் சூப்பை ஊற்றியும் உறையவைக்கலாம், கீழ் ஓட்டையை மட்டும் மாவால் அடைத்துக்கொள்ளுங்கள். தயிர்சாதத்தில் உப்பு, தாளிப்பு, வெங்காயம், திராட்சை எதுவும் கூடாது. உலர்திராட்சையும் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வேர்க்கடலை வெண்ணெய் தடவினால் டப்பாவில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது கொஞ்சம் போனாலும் நாய்க்கு ரத்தச் சர்க்கரை சரேலென்று இறங்கும், கல்லீரல் கெடும்.

உறைந்த பொம்மையோடு ஜூலி நாற்பது நிமிடம் உட்கார்ந்திருப்பாள். அதில் போவது அவளுடைய இரவுச் சாப்பாட்டின் ஒரு பகுதிதான், கூடுதலாக எதுவும் இல்லை. பொம்மையை அன்றன்றே பாட்டில் பிரஷ்ஷால் கழுவிவிட வேண்டும். ரப்பரில் வெடிப்பு விட்டாலோ துண்டு பிய்ந்தாலோ மாற்றிவிடுங்கள்.

காசு குடுத்து வாங்கணுமா? நம்ம வீட்லயே தேங்கா ஓடு, சோளக் கட்டை, மாங்கொட்டைன்னு எவ்வளவு இருக்கு.

நல்ல எண்ணம்தான், ஆனால் நீங்கள் சொன்ன மூன்றுமே வேண்டாம். சோளக் கட்டை செரிக்கவே செரிக்காது. விழுங்க வசதியான அளவில் உடையும், சிறுகுடலில் தக்கை மாதிரி உட்காரும். பெசன்ட் நகர் கடற்கரையில் தின்றுவிட்டு எறிந்த கட்டைகள் மணலில் கிடக்கும். நாயோடு போகிறவர்கள் கயிற்றைக் குட்டையாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மாங்கொட்டை சித்திரை, வைகாசியின் ஆபத்து. வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும், வெளியே வராது. பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். மாம்பழம் சாப்பிட்டால் கொட்டையை மூடி போட்ட குப்பைக்கூடையில் போடுங்கள்.

தேங்காய் ஓடு பல்லை உடைக்கும், நார் குடலில் பந்தாகச் சுருளும். கரும்பும் முருங்கைச் சக்கையும் அப்படியே. கருவாட்டில் உப்பு அதிகம். கொடுக்கக்கூடியவை: கேரட், விதையெடுத்த வெள்ளரி, முள்ளங்கி, தேங்காய்ப் பத்தை ஒன்றிரண்டு, விதை நீக்கிய ஆப்பிள்.

குட்டிக்கு மூணு மாசம் ஆகுது. என் கையையே கடிக்குது.

பால் பல் மெல்லியது, சுலபமாக உடையும். ஆகவே பெரிய நாய்க்கான எதுவும் இப்போது வேண்டாம், புல்லி ஸ்டிக்கும் யாக் சீஸும் கூட. சுத்தமான பருத்தித் துண்டை நனைத்து, முறுக்கி, ஃப்ரீசரில் வைத்துக் கொடுங்கள். நூல் பிரிந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். குட்டிகளுக்கென்று மிருதுவான ரப்பர் பொம்மை தனியாக வருகிறது. பொம்மையில் லேசாக ரத்தம் பட்டிருந்தாலோ தரையில் அரிசி மாதிரி ஒரு பல் கிடந்தாலோ பயப்பட வேண்டாம். ஏழு மாதம் தாண்டியும் பால் பல் பக்கத்திலேயே புதுப் பல் முளைத்திருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எங்க லேப் மெல்லவே மாட்டான். எது குடுத்தாலும் ஒரே முழுங்கு.

இப்படிப்பட்ட நாய்க்குத் துண்டாகக் கூடிய எந்தத் தீனியும் ஆபத்து. உறைந்த ரப்பர் பொம்மை மட்டும்தான் என் பதில். புல்லி ஸ்டிக் கொடுக்க ஆசைப்பட்டால் அதன் அடியைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் பிடிப்பான்கள் கிடைக்கின்றன, அதில் மாட்டிக் கொடுக்கலாம். கையில் பிடித்துக்கொண்டும் கொடுக்கலாம், பக்கத்தில் நாம் இருந்தால் பல நாய்கள் நிதானமாகும். பக், புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு மெல்லும்போதே மூச்சு வாங்கும். அவற்றுக்கு மிருதுவானதாக, பத்து நிமிடத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாயில இருக்கறதை எடுக்கப் போனா உறுமுது. அடிச்சுத் திருத்தலாமா?

அடித்தால் உறுமுவதை நிறுத்திவிட்டு, அடுத்த முறை நேராகக் கடிக்கும். உறுமல் நமக்குக் கிடைக்கும் முன்னறிவிப்பு, அதைப் போக்கிவிடக் கூடாது. பிடுங்காமல் பண்டமாற்றுச் செய்யுங்கள். இரண்டு வெந்த கோழித் துண்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, அது எழுந்து போனபின் எடுங்கள். பல தடவை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்தும் விடுங்கள். எடுத்தால் போய்விடாது என்று அதற்குப் புரிய ஒரு மாதமாவது ஆகும். வீட்டில் இரண்டு நாய் இருந்தால் தனித்தனி அறையில் கொடுக்க வேண்டும். எங்கள் நாட்டு நாய் மணியும் ஜூலியும் ஒரே தட்டில் தண்ணீர் குடிப்பார்கள், மெல்லும் தீனி என்றால் மட்டும் நடுவில் கதவு சாத்தியிருக்கும்.

வாரத்துக்கு எத்தனை தடவை, எவ்வளவு நேரம் குடுக்கலாம்?

தீனி எல்லாம் சேர்த்து ஒரு நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கருத்தடை செய்த 30 கிலோ லேப்ரடாருக்கு நாளைக்குச் சுமார் 1,400 கலோரி என்றால் தீனிக்கு 140. ஐந்து கிலோ நாய்க்கு 35, 40-தான் வரும். புல்லி ஸ்டிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு தடவைக்கு இருபது, முப்பது நிமிடம் போதும், மிச்சத்தை எடுத்து வைத்துவிடலாம். புது வகை என்றால் முதல் நாள் ஐந்தே நிமிடம். மறுநாள் மலம் சரியாக இருந்தால் தொடருங்கள்.

இது பல்லைச் சுத்தம் பண்ணும்னு பாக்கெட்ல போட்டிருக்கே?

எதில் வேண்டுமானாலும் அப்படி அச்சடிக்கலாம். சோதனை முடிவுகளைப் பார்த்து, பல் அழுக்கையோ காரையையோ உண்மையிலேயே குறைக்கும் பொருளுக்கு முத்திரை தருவதற்கென்று வி.ஓ.எச்.சி. என்ற கால்நடை வாய்நல அமைப்பு 1997-லிருந்து இருக்கிறது. அந்த முத்திரை இருந்தால் நம்பலாம். எதுவானாலும் நாய்க்கான பேஸ்ட்டால் பல் தேய்ப்பதற்கு ஈடில்லை. மனிதர்களின் பேஸ்ட் கூடாது. மேலே சொன்ன சைலிட்டால் அதில் இருக்கலாம்.

தெருக் கிரிக்கெட் டென்னிஸ் பந்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதன் சொரசொரப்பான மேற்புறத்தில் மண் ஒட்டி உப்புத்தாள் மாதிரி ஆகி, பல்லைத் தேய்த்துவிடும். எறிந்து எடுத்துவரச் சொல்லலாம், வைத்துக் கடிக்க விடக் கூடாது.

மான் கொம்பு ரொம்ப நல்லதுன்னு வெளிநாட்டு வீடியோவுல பாத்தேன். ஒருத்தர் கொண்டு வந்து தர்றேங்கறார்.

வாங்காதீர்கள். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் கொம்பை வாங்குவதும் விற்பதும் குற்றம். காட்டில் தானாக உதிர்ந்தது என்று சொன்னாலும் விடமாட்டார்கள். சட்டத்தை விட்டாலும், நகச் சோதனையில் குளம்பு எங்கே நின்றதோ அங்கேதான் கொம்பும்.

மழைக்காலத்துல எல்லாத்துலயும் பூஞ்சை புடிக்குது. துடைச்சுட்டுக் குடுக்கலாமா?

கூடாது. மேலே துடைத்தாலும் உள்ளே நஞ்சு இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னைக் காற்றில் எதுவும் காயாது. சின்ன பாக்கெட்டாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். பாதி மென்ற ஈரத் தீனியை டப்பாவில் திரும்பப் போடாதீர்கள்.

காய்ந்த தீனியில் கிருமி இருக்காது என்றும் நினைக்க வேண்டாம். 2019-இல் அமெரிக்காவில் நாய்களுக்கு விற்ற பன்றிக் காதிலிருந்து 154 மனிதர்களுக்குச் சால்மொனெல்லா தொற்றியது. கொடுத்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தவழும் குழந்தையும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில் நாய் மெல்வதற்கு ஒரு தனிப் பாய் ஒதுக்கிவிடுங்கள்.

பெரிய துண்டை முழுங்கிடுச்சு. காலைல வரைக்கும் பாக்கலாமா?

மூச்சுத் திணறுகிறதா என்று முதலில் பாருங்கள். வாயைக் காலால் பிறாண்டி, நாக்கு நீலமானால் அடைத்திருக்கிறது. வாயைத் திறந்து, துண்டு கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள். தெரியாமல் விரல் விட்டால் உள்ளே தள்ளிவிடுவோம். சிறிய நாயைப் பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி உலுக்கலாம். பெரிய நாய்க்குப் பின்னாலிருந்து, விலா எலும்பு முடியும் இடத்துக்குக் கீழே கையை மடக்கி வைத்து, உள்ளும் மேலுமாக விசையாக ஐந்து தடவை அழுத்துங்கள். துண்டு வந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மூச்சு நன்றாக இருந்தால் உடனே மருத்துவருக்குப் போன் செய்து, என்ன தீனி, எவ்வளவு பெரிய துண்டு, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, எச்சில் ஒழுகல், தண்ணீரும் தங்காமல் வெளியே வருவது, முதுகைக் கூன்போட்டு நிற்பது, மலம் வராமல் முக்குவது, இதில் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது. உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்பே நாயைக் கொல்லும். கூர்மையான துண்டு திரும்பி வரும்போது இன்னும் கிழிக்கும். அதே பாக்கெட்டும் மிச்சத் துண்டும் இருந்தால் கையோடு கொண்டு போங்கள். தோல் எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது என்று சொன்னேன் அல்லவா, அப்போது மருத்துவருக்கு அதுதான் உதவும். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், வெளியூர்களில் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடைக் கல்லூரிகளிலும் மருத்துவமனை இருக்கிறது. இரவில் எங்கே பார்ப்பார்கள் என்பதை இன்றே விசாரித்து எண்ணை ஃப்ரிட்ஜில் ஒட்டிவையுங்கள்.

எங்க பொண்ணுக்குப் பன்னிரண்டு வயசு. பல் பாதி போயிடுச்சு. ஆனா மத்த நாய் மெல்றதைப் பாத்து ஏங்குது.

அவளுக்கும் கொடுக்கலாம், கடிக்கிற வேலையை நக்குகிற வேலையாக மாற்றினால் போதும். சொரசொரப்பான சிலிக்கான் விரிப்பு நக்குவதற்கென்றே கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் இட்லித் தட்டே போதும். குழிகளில் தயிரும் மசித்த பரங்கிக்காயும் தடவி, ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, உலோகத்தில் நாக்கு ஒட்டாமல் இருக்க ஐந்து நிமிடம் வெளியே வைத்தபின் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் தயிர் எவ்வளவு என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஜூலிக்கு இப்போது பதின்மூன்று. மணிக்கு ரப்பர் பொம்மை, அவளுக்கு இட்லித் தட்டு. நான்கு குழியையும் நக்கி முடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆகிறது.